வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்? கிறிஸ்தவ விசுவாசமும் நாத்திகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் பதினான்கு வருடமாக வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். கூட்டம் முடிந்து கையில் டீ தம்ளரோடு வாசலில் நிற்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும், அதுவும் அதே கேள்விகள் வேறு வேறு பிள்ளைகளின் வாயிலிருந்து. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் விசுவாசி. அம்மாவின் அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியார். அம்மாவின் அண்ணன், என் மாமா, கருஞ்சட்டைக்காரர். இருபது வயதில் சபையை விட்டவர் சாகும்வரை திரும்பவில்லை. இந்த இரண்டு பேர் மடியிலும் வளர்ந்தவள் நான். அதனால் இது நடுநிலையான பக்கம் இல்லை, ஆனால் எதிர்த்தரப்பைப் பொய்யாகக் காட்டவும் எனக்கு மனசு வராது.

வாழ்க்கைக்கு அர்த்தம், அர்த்தம்னு சொல்றாங்களே, அந்த வார்த்தைக்கே முதல்ல என்ன அர்த்தம்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் எதற்காக இருக்கிறேன் என்பது நோக்கம். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானா என்பது மதிப்பு. இதெல்லாம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது முடிவு. வேலை போனவருக்கு முதல் கேள்வி வலிக்கும், யாருக்கும் வேண்டாதவராகிவிட்டேன் என்று நினைப்பவருக்கு இரண்டாவது, சுடுகாட்டிலிருந்தோ கல்லறைத் தோட்டத்திலிருந்தோ திரும்பி வருகிறவருக்கு மூன்றாவது.

பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. ஒருவர் நோக்கத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர் முடிவைப் பற்றிப் பதில் சொல்வார். யாராவது உங்களிடம் இதைக் கேட்டால், மூன்றில் எதைக் கேட்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கிறிஸ்தவம் இதுக்கு ஒரே வரியில என்ன பதில் சொல்லுது?

1647-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போதகர்கள் எழுதி முடித்த சிறிய வினாவிடையின் முதல் கேள்வியே இதுதான்: மனிதனுடைய தலையாய நோக்கம் என்ன? தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்பது அதன் பதில். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் படிப்பதும் ஏறக்குறைய இதேதான்: கடவுளை அறிந்து, நேசித்து, அவருக்கு ஊழியம் செய்து, முடிவில் அவரோடு வாழ்வது.

மகிமைப்படுத்துவது என்றதும், புகழ்ச்சிக்கு ஏங்கும் ஒரு கடவுளா என்று கேட்பார்கள். அந்தப் பதிலில் 'மகிழ்ந்திருப்பது' என்ற பாதியை மறந்துவிடுகிறோம். கிறிஸ்தவம் வாழ்க்கையின் அர்த்தத்தை ஒரு வேலையாகச் சொல்லவில்லை, ஓர் உறவாகச் சொல்கிறது. நீ ஒன்றும் செய்வதற்கு முன்பே ஒருவர் உன்னை விரும்பி உண்டாக்கினார், உன் வாழ்க்கை அந்த அழைப்புக்கு நீ கொடுக்கும் பதில், அந்தப் பதிலைப் பக்கத்து வீட்டுக்காரரை நேசிக்காமல் கொடுக்கவே முடியாது. மத்தேயு 22-இல் இயேசு இரண்டு கட்டளைகளையும் சேர்த்துக் கட்டியது இதனால்தான்.

நாத்திகர்களுக்கு வாழ்க்கையில அர்த்தமே கிடையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் பெரியாரின் கடைசி நாட்களைச் சொல்வேன். 94 வயது. மூத்திரக் குழாயோடும் வலியோடும் வேனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசியாக மேடையில் பேசினார். ஐந்தாம் நாள், டிசம்பர் 24 அன்று, இறந்துபோனார். இறந்த இடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது. நாட்டிலேயே பேர்பெற்ற கடவுள் மறுப்பாளர், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கிறிஸ்தவ மருத்துவமனையில். இதை வைத்து எந்தப் பக்கமும் வெற்றி கொண்டாட ஒன்றும் இல்லை. எனக்கு அதில் தெரிவது, சக மனிதன் படும் துன்பத்தைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத இரண்டு பேர், இரண்டு வேறு காரணங்களோடு.

ஆகவே அர்த்தம் கிடையாது என்பது பொய். அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. கிறிஸ்தவர் அது தரப்படுகிறது என்கிறார். நாத்திகர் அதை நாம்தான் உண்டாக்குகிறோம் என்கிறார். "கடவுளை மற, மனிதனை நினை" என்று பெரியார் சொன்னதில், மறக்கச் சொன்னதை மட்டும் நாம் கேட்கிறோம், நினைக்கச் சொன்னதை விட்டுவிடுகிறோம்.

எல்லா நாத்திகரும் ஒரே மாதிரிதானா யோசிப்பாங்க?

இல்லவே இல்லை, நம் சபைகளுக்குள்ளேயே எத்தனை விதம் இருக்கிறது. ஆந்திராவின் கோரா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். பிறகு நாத்திக மையம் தொடங்கினார், அப்படியே காந்திக்கு நெருக்கமாகவும் இருந்தார். அவர் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் 1948-இல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆசிரமத்திலேயே கல்யாணம் நடந்தது. ஆபிரகாம் கோவூர் திருவல்லாவில் மார்த்தோமா குருவானவர் ஒருவரின் மகன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தார், பேயையும் சாமியார்களையும் சோதித்துப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். இவர்களுக்கெல்லாம் அர்த்தம் என்பது மனிதனை பயத்திலிருந்தும் சாதியிலிருந்தும் விடுவிப்பது.

பகத்சிங் வேறு மாதிரி. 1930-இல் லாகூர் சிறையில், தூக்குத் தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்தே, தான் ஏன் நாத்திகன் என்று எழுதினார். கழுத்தில் கயிறு இறுகும் அந்தக் கணத்தோடு எல்லாம் முடிந்துவிடும், மறுபிறவி இல்லை, பரிசு இல்லை, இருந்தும் இந்த வாழ்க்கை போதும் என்பதுதான் அதன் சாரம். அதைத் தமிழில் கொண்டுவந்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. மாமா அதை எனக்குப் பன்னிரண்டு வயதில் வாசித்துக் காட்டினார், ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை நான். பிரான்சில் எழுத்தாளர் கமு போன்றவர்களோ இன்னும் ஒருபடி போய், உலகம் நமக்குப் பதில் சொல்லப்போவதில்லை, அது தெரிந்தும் நிமிர்ந்து வாழ்வதே மனிதனுக்கு அழகு என்றார்கள்.

கடவுள் இல்லன்னா ஒருத்தன் நல்லவனா இருக்கிறதுக்கு என்ன காரணம் இருக்கு?

சக மனிதனுக்கு வலிக்கும் என்பதே போதுமான காரணம் என்பார்கள் அவர்கள். பெரியார் இதைக் கறாராகச் சொன்னார்: பக்தி தனிச்சொத்து, ஒழுக்கம் பொதுச்சொத்து. உன் பக்தியால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, உன் ஒழுக்கம் கெட்டால் எனக்குத்தான் நஷ்டம்.

வேதமும் இதை மறுக்கவில்லை. நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், இல்லாத புறஜாதியார் (யூதரல்லாதவர்கள்) இயல்பாகவே அதன்படி செய்கிறார்கள், அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது என்று ரோமர் 2-இல் பவுல் சொல்கிறார். அதனால் விசுவாசம் இல்லாதவர் நல்லவராக இருப்பது ஒரு கிறிஸ்தவருக்கு ஆச்சரியமாகவே இருக்கக் கூடாது. அந்த எழுத்தை எழுதியது யார் என்பதுதான் எங்கள் கேள்வி. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. மாமா சபையை விட்டதற்குக் காரணம் டார்வின் இல்லை, அவருடைய சிநேகிதனின் அப்பாவை எந்த மண்ணில் புதைப்பது என்று நடந்த ஒரு பஞ்சாயத்து. நல்லொழுக்கத்துக்குக் கடவுள் வேண்டும் என்று மேடை போட்டுப் பேசும் முன்னால் நமக்கு இது உறுத்த வேண்டும்.

பைபிளே "எல்லாம் மாயை"ன்னு சொல்லுதே, அப்போ நாத்திகர் சொல்றதும் அதுவும் ஒண்ணுதானே?

அந்த வரி வரும் பிரசங்கியின் புத்தகம் மாமாவுக்கு மிகவும் பிடித்தது. அவர் வேதாகமத்தில் அந்தப் பத்துப் பக்கங்கள்தான் அதிகம் கசங்கியிருக்கும். ஆனால் 'மாயை' என்ற தமிழ்ச்சொல் நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நமக்கு மாயை என்றால் பொய்த்தோற்றம், இல்லாதது இருப்பதுபோல் தெரிவது. எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ஹெபெல். மூச்சு, ஆவி என்று பொருள். மார்கழி விடியற்காலையில் வாயைத் திறந்தால் வரும் புகை மாதிரி: அது பொய் இல்லை, இருக்கிறது, ஆனால் கையில் பிடிக்க முடியாது. காயீன் கொன்ற தம்பி ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே சொல்தான்.

அந்தப் புத்தகம் சூரியனுக்குக் கீழே இருப்பதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறது: உழைத்தவன் சேர்த்ததை எவனோ அனுபவிக்கிறான், ஞானியும் மூடனும் ஒரே மாதிரி சாகிறார்கள். இதுவரைக்கும் ஒரு நாத்திகர் அப்படியே கையெழுத்துப் போடலாம். அப்புறமும் அது வெறுப்பில் முடிவதில்லை. உன் அப்பத்தைச் சந்தோஷத்தோடு சாப்பிடு, நேசிக்கிற மனைவியோடு வாழ்க்கையை அனுபவி, கைக்கு வந்த வேலையைப் பெலத்தோடே செய் என்கிறது ஒன்பதாம் அதிகாரம். கடைசியில் தேவனுக்குப் பயந்திரு என்று முடிக்கும் இடத்தில்தான் மாமா பிரிந்துபோவார். அந்தக் கடைசி வரிகளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எனக்கு எதுலயும் அர்த்தமே இல்லாத மாதிரி இருக்கு. என் விசுவாசம் போயிடுச்சா அக்கா?

இதை நள்ளிரவில்தான் அனுப்புவார்கள். தம்பி, தங்கச்சி, முதலில் இதைக் கேளுங்கள்: வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது தத்துவப் பிரச்சினையாக இல்லாமல் உடம்புப் பிரச்சினையாக இருக்கலாம். மன அழுத்தம் ஒரு நோய், அதற்கு மருத்துவர் இருக்கிறார். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அது நானாக இருந்தாலும் சரி.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டான். இப்படி ஒரு சம்பவம் வேதத்தில் இருக்கும்போது, ஜெபம் குறைந்ததால்தான் உனக்கு இப்படி என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தது? அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் கடவுளை உணர முடியாத இருளில் இருந்திருக்கிறார், அந்தக் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் வெளியாயின. அத்தனை வருடமும் அவர் கல்கத்தாத் தெருவில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். வெறுமையாக உணர்வதும் விசுவாசம் இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

பரிணாமம் உண்மைன்னா நாம தற்செயலா வந்தவங்கதானே? அப்புறம் என்ன நோக்கம்?

எப்படி வந்தோம் என்பது ஒரு கேள்வி, எதற்காக என்பது வேறு. அம்மா சுட்ட அதிரசத்தில் மாவு எப்படி வெந்தது என்று வேதியியல் முழுவதையும் சொல்லிவிட்டாலும், நான் ஊருக்கு வருகிறேன் என்பதால் சுட்டாள் என்பது அதில் வராது. அண்டம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முதலில் முன்வைத்த ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவருக்கு இரண்டும் மோதவில்லை.

நாத்திகர் சொல்வதையும் கேளுங்கள். நோக்கம் வைத்துச் சுடாத அதிரசமும் இனிக்கத்தான் செய்யும் என்பார். சரிதான். அங்கே வாதம் நின்றுவிடுகிறது, இதைத் தாண்டி யாரையும் தள்ளிக்கொண்டு போக முடியாது.

எப்படியும் சூரியனே ஒருநாள் அழிஞ்சிடும். அப்போ இன்னிக்கு நான் என்ன செஞ்சா என்ன?

சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன, அதற்கு ரொம்ப முன்பே பூமி வாழ முடியாத சூடாகிவிடும். முதல் கேள்வியில் சொன்ன 'முடிவு' இதுதான். நாத்திகத் தரப்பின் பதில் எனக்குப் பிடித்தது: 500 கோடி ஆண்டு கழித்து எதுவும் முக்கியமில்லை என்றால், அன்றைக்கு முக்கியமில்லை என்பதும் இன்றைக்கு எனக்கு முக்கியமில்லை. காய்ச்சலில் அழும் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடுவது, அது இப்போது அழுகிறது என்பதால்.

கிறிஸ்தவம் இதோடு ஒன்றைச் சேர்க்கிறது. பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி நீளமாக எழுதிவிட்டு, 1 கொரிந்தியர் 15-ஐ முடிக்கும்போது ஆகையால் பரலோகத்துக்காகக் காத்திருங்கள் என்று எழுதவில்லை. கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது, ஆகையால் வேலையில் பெருகுங்கள் என்றார். அந்த ஈரத்துணி எங்கேயும் காணாமல் போகாது என்பது அந்த நம்பிக்கை. அதை என்னால் நிரூபிக்க முடியாது.

சுனாமியில அத்தனை பேர் செத்தாங்களே, அதுல என்ன அர்த்தம் இருக்கு? கடவுள் திட்டமா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பயணிகளையே கடற்கரையில் வைத்து அலை கொண்டுபோனது. குமரிக் கடலோரத்தில் கொட்டில்பாடு, மணக்குடி, குளச்சல் பக்கம் கிறிஸ்தவ மீனவக் குடும்பங்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த வீடுகள். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வராதது அற்புதம் என்று சிலர் சாட்சி சொன்னதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூறு மீட்டர் தள்ளிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தச் சாட்சியை எப்படிக் கேட்பாள்? லிஸ்பனில் 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில், ஆலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தபோதும் இதே கேள்வி வந்தது. ஐரோப்பாவில் பலருடைய நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

நாத்திகரின் பதில் நேரானது. கடலுக்கடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நழுவியது, 9.1 அளவு நிலநடுக்கம், தண்ணீர் நகர்ந்தது, அதில் யாருடைய எண்ணமும் இல்லை. இது கல்நெஞ்சம் இல்லை. யாரும் உன்னைத் தண்டிக்கவில்லை என்பது நொந்தவருக்குப் பெரிய ஆறுதல். இயேசுவும் அதைத்தான் சொன்னார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் வந்து காரணம் சொன்ன சிநேகிதர்களைக் கடவுளே கோபித்துக்கொண்டார்.

என் பதில் இவ்வளவுதான். ஏன் என்று எனக்குத் தெரியாது. இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரே கேட்டார். நாம் கேட்கும் 'ஏன்' அவர் வாயிலும் இருந்தது என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். துக்க வீட்டுக்குப் போனால், "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சோறு கொண்டுபோங்கள்.

பாட்டி மூணு வருஷமா படுத்த படுக்கை. யாரையும் அடையாளம் தெரியல. அவங்க வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?

நர்சிங் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இது, சுனாமியைவிட. இரண்டு பார்வைகளும் உண்மையாகவே பிரிவது இங்கேதான்.

அர்த்தத்தை நாமே உண்டாக்குகிறோம் என்றால், உண்டாக்கத் திராணி இல்லாதவருக்கு என்ன? பாட்டியால் ஒரு நோக்கத்தைத் தேர்ந்துகொள்ள முடியாது, போராட முடியாது, நன்றி சொல்லக்கூட முடியாது. இதற்கு நாத்திகர் தரும் நல்ல பதில், அவளுக்காக நாம் அதைச் சுமக்கிறோம் என்பது. அவள் வாழ்ந்த வாழ்க்கையும், அவளை நேசிக்கிறவர்களும் சேர்ந்து அவள் மதிப்பைக் காக்கிறார்கள். இது உயர்ந்த பதில், இப்படி வாழ்ந்து காட்டிய கடவுள் மறுப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமா தன் மாமியாருக்குப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தார், பதினோரு மாதம், இரவு அலாரம் வைத்து எழுந்து.

ஆனால் நேசிக்க யாருமே இல்லாத பாட்டிகள் உண்டு. அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் தெரியாமல் கிடப்பவர்கள். அவர்கள் மதிப்பு யார் கையில் இருக்கிறது என்று யோசிக்கும்போதுதான் என் விசுவாசம் எனக்கு வேண்டியதாகிறது. அவளை யாரும் மறந்தாலும் மறக்காத ஒருவர் உண்டு, அவளுடைய மதிப்பை அவள் சம்பாதிக்கவே இல்லை, அதனால் இழக்கவும் முடியாது. மிகவும் சிறியவரான என் சகோதரருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று மத்தேயு 25-இல் இயேசு சொல்வதில், அந்த வராந்தாவில் கிடப்பது யார் என்பதே மாறிவிடுகிறது.

நீங்க சொர்க்கத்துக்காகத்தானே நல்லது செய்றீங்க? நாத்திகன் ஒண்ணும் எதிர்பார்க்காம செய்றான். யார் பெரியவன்?

சொர்க்கத்துக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. அப்படிச் செய்தால் இந்தக் குற்றச்சாட்டு நியாயம். ஆனால் கிருபை என்ற சொல்லே பரிசு ஏற்கெனவே கையில் கொடுத்தாயிற்று என்றுதான் சொல்கிறது. செய்வது கூலிக்கு இல்லை, நன்றிக்கு. யார் பெரியவன் என்று சீஷர்கள் சண்டை போட்டபோது ஆண்டவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார், அதனால் அந்தப் பகுதிக்கு நான் போகவில்லை.

கடவுள் இருந்தா லாபம், இல்லாட்டியும் நஷ்டம் ஒண்ணுமில்ல. அப்போ நம்பிட்டுப் போறதுதானே புத்திசாலித்தனம்?

பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் எழுதி வைத்த, அவர் இறந்த பின் 1670-இல் அச்சான குறிப்புகளில் இந்தப் பந்தயம் இருக்கிறது. கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன், எனக்கு ஒப்பவில்லை. எல்ஐசி பாலிசி மாதிரி எடுத்து வைக்கும் நம்பிக்கையை எந்த அப்பாவும் தன் பிள்ளையிடம் விரும்பமாட்டார். எந்தக் கடவுளின் மேல் பந்தயம் கட்டுவது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, பவுலே இதை மறுக்கிறார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண், எல்லா மனுஷரைவிடவும் நாங்கள் பரிதாபத்துக்குரியவர்கள் என்கிறார். நஷ்டம் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை, அடிபட்டு, சிறைப்பட்டு, உயிரையே வைத்தவர் அவர். பொய்யென்றால் எல்லாமே நஷ்டம் என்று கணக்கைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நம்பினார்.

நல்ல மனுஷனா வாழ்ந்து, கடைசி வரை நாத்திகரா செத்தவங்க நரகத்துக்கா போவாங்க?

சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. அறிக்கையிட்டு ஏற்றுக்கொள்ளாதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று கண்டிப்பாகப் போதிக்கும் சபைகள் உண்டு. தன் குற்றம் இல்லாமல் கடவுளை இன்னும் தெளிவாக அறியாதிருந்தும் நேர்மையாக வாழ முயல்பவர்களுக்கும் கடவுளின் உதவி மறுக்கப்படுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. 2018-இல் ரோமாபுரியின் ஓரத்தில் ஒரு பங்கில், நாத்திகராக இறந்த என் அப்பா மோட்சத்தில் இருக்கிறாரா என்று ஒரு சிறுவன் மைக் முன்னால் கேட்க முடியாமல் அழுதான். போப் பிரான்சிஸ் அவனைக் கூப்பிட்டுக் காதில் சொல்லச் சொன்னார். அந்த அப்பா தனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வைத்திருந்தார். கடவுளுக்கு அப்பாவின் இருதயம் இருக்கிறது, அவர் இப்படிப்பட்டவரைத் தூரத் தள்ளுவாரா என்று பிரான்சிஸ் கூட்டத்தைத் திருப்பிக் கேட்டார்.

என் மாமா உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். வண்டி வந்து நின்றதும் அம்மா தயங்கித் தயங்கி, ஒரு ஜெபம் மட்டும் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். அவருடைய தோழர்களில் மூத்தவர், எழுபது வயதிருக்கும், "தங்கச்சி, நீங்க பண்ணிக்கிடுங்க, நாங்க நிக்கிறோம்" என்றார். கறுப்புச் சட்டைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அம்மா முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. அப்புறம் அவர்கள் வீரவணக்கம் சொன்னார்கள், அம்மா நின்றாள். மாமாவுக்குக் கல்லறை இல்லை. உயிர்த்தெழுந்த திருநாள் விடியலில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அம்மா ஒன்றைக் கூடுதலாக வாங்கி, தாத்தா கல்லறையின் ஓரத்தில் ஏற்றிவிட்டு வருவாள். அவர் எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை என்னுடையது இல்லை. அந்த மெழுகுவர்த்தி வீண் என்றும் நான் நம்பவில்லை.

இவ்வளவு நல்லா நாத்திகத்தைப் பேசுறீங்க, அப்புறம் ஏன் இன்னும் விசுவாசியா இருக்கீங்க?

வாதத்தில் ஜெயித்ததால் இல்லை. பெரும்பாலும் மாமாதான் ஜெயிப்பார். என் வாழ்க்கைக்கு நானே அர்த்தம் உண்டாக்கிக்கொள்ள முடியாமல் போன ஒரு காலம் எனக்கு இருந்தது, முதல் பிள்ளை வயிற்றிலேயே போன வருடம். அப்போது எனக்கு எதையும் உண்டாக்கும் தெம்பு இல்லை. ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், பாடக்கூட இல்லை. நான் ஒன்றும் தராதபோதும் என்னை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதை அங்கே அறிந்தேன். அது மூளை செய்யும் வேலை என்று ஒருவர் சொன்னால் கோபப்படமாட்டேன். எனக்கு அது நடந்தது, அதற்கு உண்மையாக இருக்கிறேன்.

எங்க வீட்ல நான் விசுவாசி, கட்டிக்கப்போறவர் நாத்திகர். இல்ல, தலைகீழா. ஒரே வீட்ல எப்படிச் சமாளிக்கிறது?

கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை மூன்று உண்டு: பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமா இல்லையா, சாவுக்கு என்ன சடங்கு, ஞாயிறு காலை யாருடையது. "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து நிற்கும். மற்றவரை மாற்றிவிடலாம் என்ற திட்டத்தோடு கட்டிக்கொள்ளாதீர்கள், எந்தத் தரப்பாக இருந்தாலும்.

மாமா எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால், அம்மா ஜெபம் செய்து முடிக்கும்வரை இலையில் கை வைக்கமாட்டார். கண்ணை மூடமாட்டார், தலை குனியமாட்டார், குழம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அம்மாவும் மற்ற நாட்களில் மிஷனரிகளில் தொடங்கி மழை வரை எல்லாவற்றுக்கும் ஜெபிப்பவள், அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, பசி தாங்காது என்று அன்றைக்கு மட்டும் மூன்றே வரியில் ஆமென் சொல்லிவிடுவாள்.